சீல் வைத்த பல்லி

என் மச்சானைச் சந்தேகப்பட எனக்கு முழு உரிமை உண்டு. முதலாவது, அவன் என் மனைவியின் அண்ணன். இரண்டாவது, நான் சுங்க இலாகாவில் துறைமுகப் பெட்டிகளைத் திறந்து திறந்தே ஓய்வு பெற்றவன். பொம்மையின் வயிற்றில் கடிகாரம், கடிகாரத்தின் வயிற்றில் வைரம் என்று பார்த்துப் பார்த்து, வைரத்தின் வயிற்றில் என்ன என்று பார்க்க நேரமில்லாமல் போன ஆள். என் செருப்புச் சத்தம் கேட்டால் பெட்டிகள் தாமாகவே திறந்துகொள்ளும் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். முதலில் சொன்னவன் நான்தான். ஆனால் யாரும் மறுத்ததில்லை.

மச்சான் பல்லி ஆராய்ச்சியாளன். அருங்காட்சியகத்தில் ஊர்வனப் பிரிவில் இருந்தான். அவனுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், ஆனால் அவன் வெளியே போகவில்லை. பாம்புகள் ஸ்பிரிட்டில் ஊறும் அறையின் ஜன்னலோரத்தில் ஒரு மேசையும் ஒரு மைக்ராஸ்கோப்பும் அவனுக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் சோற்று டப்பாவோடு போனால் சாயங்காலம் வரை பல்லிகளின் செதில்களை எண்ணுவான். சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாமல் ஒரு மனிதன் தினமும் வேலைக்குப் போகிறான் என்றால் அங்கே என்னமோ இருக்கிறது என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு கண்.

விஷயம் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் தொடங்கியது. மின்கட்டணம் ஏறியிருந்தது. மாடி வீட்டுக்காரர் கம்பி போட்டு இழுக்கிறார் என்ற முடிவோடு பெட்டியைத் திறந்தேன். கம்பி இல்லை. ஒரு பல்லி இருந்தது. வால் உட்பட என் சுண்டு விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். காய்ந்த இலை நிறம், முதுகில் அலை அலையாகக் கறுப்புக் கோடுகள். ஓடவில்லை. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டு, நீ யார் என்பது போல என்னைப் பார்த்தது. சந்தேகப்படுகிறவனுக்குத்தான் தெரியும், இன்னொரு சந்தேகப் பார்வையின் அருமை.

அந்த வாரம் தங்கையைப் பார்க்க வந்த மச்சானிடம் அதை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டுக் காட்டினேன். டீயைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தான். கண்ணில் வைத்தான். எடுத்தான். துடைத்து மறுபடி வைத்தான்.

"இது என்னமோ வித்தியாசமா இருக்கே மாப்ளே" என்றான்.

"புதுசா?"

"அப்படி உடனே சொல்ல முடியாது. எண்ணிப் பார்க்கணும். புதுசா இருந்தா உன் பேரையே வச்சுடலாம்."

டீ குடிக்கும்போது சொல்லும் பேச்சுதான். ஆனால் சொன்னவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான், கேட்டவன் நான் அல்லவா இங்கே இருக்கிறேன்.

அவர்கள் தொழிலில் ஒரு மரியாதை இருக்கிறதாம். புது உயிரைக் கண்டுபிடித்து விவரம் எழுதுகிறவன் அதற்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். அதனால் அடுத்தவர் பெயரைத்தான் வைக்க வேண்டும். கொண்டுவந்து கொடுத்தவர், குரு, மனைவி, பெரிய அதிகாரி என்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். என் பெயருக்கு வால் மாதிரி ஒரு எழுத்தைச் சேர்த்தால் பல்லிக்குப் பெயர் தயார். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். எதிரொலியோடு கேட்டபோது ஒரு சக்கரவர்த்தியின் பெயர் போல இருந்தது.

ஆசைக்குக் காரணம் உண்டு. பதவியில் இருந்தபோது என் கையெழுத்து இல்லாமல் ஒரு கப்பலிலிருந்து ஒரு கரண்டி இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு, கூரியர் கொண்டுவருகிறவன் என்னைப் பார்த்தே "வீட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்கிறான். வாசல் கேட்டில் இருந்த என் பெயர்ப் பலகையைப் பெயிண்ட் அடிக்கக் கழற்றிய மகன், திருப்பி மாட்டும்போது தன் பெயரை மாட்டினான். வீட்டுக் கடன் அவன் கட்டுகிறான், நியாயம்தான். ஆனால் இந்த உலகத்தில் இனி எதன் மேலும் என் பெயர் இருக்காது என்று கேட்டைத் திறக்கும்போதெல்லாம் தோன்றும். பல்லி என்றால் கேவலமா? பல்லி இருக்கிற வரை பெயர் இருக்கும். கேட்டுக்கு அந்த உத்தரவாதம் உண்டா?

நடைப்பயிற்சிக் கூட்டத்தில் சொன்னேன். எங்களில் ஒருவர் வங்கியில் மேலாளராக இருந்தவர். எதற்கும் ஜாமீன் கேட்கிற புத்தி.

"பேர் வச்சாச்சா, இல்ல வைக்கப் போறாங்களா?" என்றார்.

"வச்ச மாதிரிதான்."

"வச்ச மாதிரின்னா வைக்கலைன்னு அர்த்தம். அது சரி, நாளைக்கு எங்க வீட்ல விளக்குமாத்தால அடிச்சா உங்க மேல அடி விழுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவர்களைவிடப் பெரிதாகச் சிரித்தேன். பிறகு பல்லிக்காக வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் கிளம்பியிருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னேன். வீட்டுக்கு வருவதற்குள் அது ஏழு பேராகிவிட்டது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மச்சான் ஒரு கோரிக்கை வைத்தான்.

"ஆண் பல்லி ஒண்ணு வேணும் மாப்ளே. ஆணுக்குத் தொடைக்கு அடியில ஊசியால குத்தின மாதிரி வரிசையா துளை இருக்கும். எத்தனை துளை, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பார்த்தாத்தான் இது எந்தச் சாதின்னு உறுதியா சொல்ல முடியும். நீ கொடுத்தது பொண்ணு."

ஆண்தானே, பிடித்தால் போச்சு. மீட்டர் பெட்டி, மோட்டார் அறை, கேட்டின் இரும்புக் குழாய் என்று வேட்டை தொடங்கியது. அட்டைக் குழல் ஒன்றை வைத்து, டார்ச்சைக் காட்டி, குழலுக்குள் ஓட விட்டு, பாட்டிலில் கொட்டுவேன். தெருவில் எங்கள் வரிசையில் இருந்த அத்தனை மீட்டர் பெட்டிகளையும் சோதனை போட்டேன். பாதிப் பேர் என்னை மின்வாரிய ஆள் என்று நினைத்துப் பயந்து புன்னகைத்தார்கள். பாட்டில் பாட்டிலாக மச்சானுக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றுதான்.

"எல்லாம் பொண்ணு மாப்ளே."

மூன்றாவது பாட்டிலுக்கும் அதே பதில் வந்தபோது என் மூக்கு விழித்துக்கொண்டது. பெட்டிக்குப் பெட்டி ஒரே சரக்கு, ஒரே எண்ணிக்கை, ஒரு பிசகும் இல்லை என்றால் துறைமுகத்தில் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அடித்தட்டைப் பெயர்ப்போம். உலகத்தில் எந்த மீட்டர் பெட்டியில் பெண்கள் மட்டும் குடியிருக்கிறார்கள்? ஆண்கள் எங்கே? வழியில் யாரோ இறக்கிக்கொள்கிறார்கள்.

யார் என்பதில் குழப்பம் இல்லை. ஏன் என்பதுதான் கேள்வி. அதற்கும் விடை கிடைத்தது. ஆண் பல்லி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் விவரம் எழுத முடியும். எழுதுகிறவன்தான் பெயர் வைப்பான். நல்ல ஆணாகப் பார்த்து ஒளித்து வைத்துக்கொண்டு, என்னிடம் பொண்ணு பொண்ணு என்று பாட்டுப் பாடிவிட்டு, கடைசியில் வேறு யார் பெயரையோ வைக்கப் போகிறான். முன்பு ஒரு தவளைக்கு அப்போதைய இயக்குநரின் பெயரை வைத்தவன் இவன். அதற்குப் பிறகுதான் ஜன்னலோர மேசை கிடைத்தது. இப்போது அங்கே தலைமைக் காப்பாளராக ஓர் அம்மா வந்திருக்கிறார். மேசை நிலைக்க வேண்டுமே.

சோதனைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஸ்பிரிட் வாடை படிக்கட்டிலேயே தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் கூரை வரை கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் வெளுத்துப்போன பாம்போ ஓணானோ, பின்னங்காலில் நூல் கட்டிய சீட்டோடு, ரயிலைத் தவறவிட்ட பயணி மாதிரி சோகமாக நின்றுகொண்டிருந்தது. மச்சான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தான். என்னைப் பார்த்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், மேசையிலிருந்த தட்டின் மேல் செய்தித்தாளை எடுத்துப் போட்டான்.

"என்ன மச்சான் மூடறே?"

"தூசி."

"மைக்ராஸ்கோப்புக்கு இல்லாத தூசி தட்டுக்கு மட்டும் வருமா?"

"சாப்டியா? வா, கீழ கேன்டீன்ல டீ நல்லா இருக்கும்."

அந்தக் கேன்டீனில் டீ நல்லா இருக்கும் என்று அதுவரை ஒரு மனிதனும் சொன்னதில்லை. குடித்துப் பார்த்தேன், காரணம் புரிந்தது. இந்த டீயைக் குடிக்க வைத்தாவது என்னை அறையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றால் தட்டில் இருப்பது சாதாரண விஷயமாக இருக்க முடியாது.

அடுத்த அடி என் சொந்தச் சமையலறையில் விழுந்தது. மச்சான் வந்திருந்தான். தண்ணீர் குடிக்கப் போனவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்பது வேறு, கேட்கிற இடத்தில் நிற்பது வேறு.

"அவர்கிட்ட இப்ப சொல்ல வேணாம்ணா" என்றாள் என் மனைவி. "கொஞ்ச நாள் போகட்டும்."

"எத்தனை நாளைக்கும்மா மறைக்கிறது?"

"முடியற வரைக்கும்."

என் வீட்டு அடுப்படியிலேயே கூட்டணி. நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். தாகம் கோபத்திலேயே அடங்கிவிட்டது.

ஆனால் என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. பிடித்தவற்றில் ஒன்றை நான் மச்சானிடம் கொடுக்கவில்லை. முட்டையிலிருந்து வந்து வெகுநாள் ஆகாத குட்டி, பீன்ஸ் விதை அளவு. எதற்கும் ஒரு மாதிரி கையில் இருக்கட்டும் என்று தனியாக ஒரு பாட்டிலில் போட்டு, மூடியில் வலை ஒட்டிய ஓட்டை போட்டு, மூடியைச் சுற்றி நாடா கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்றி, மேலே என் பழைய சுங்க முத்திரையைப் பதித்து, புத்தக அலமாரியின் உச்சியில் வைத்திருந்தேன். வலை வழியாகச் சொட்டு மருந்துக் குழாயில் வாழைப்பழக் கூழ் போகும். குட்டிப் பூச்சிகளும் போகும். சுத்தம் செய்யத் திறந்தால் நான்தான் திறப்பேன், உடனே மறுபடி அரக்கு. அரக்கு வாடை தாங்காமல் மருமகள் ஜன்னலைத் திறந்து வைப்பாள். கைதி என்று பெயர் வைத்தேன்.

கைதி மாதக்கணக்கில் வளர்ந்தது. வளர வளர அதன் நடை, திரும்பிப் பார்க்கும் தோரணை, சாப்பாடு தாமதமானால் டிக் டிக்கென்று அதட்டும் குரல் எல்லாவற்றையும் பார்த்து நான் முடிவுக்கு வந்துவிட்டேன். இது ஆண். தொடையைப் பார்க்க லென்ஸ் எதற்கு? மிடுக்கு போதாதா?

நாள் பார்த்து அதை மச்சானின் மூக்குக்கு முன்னால் நீட்டலாம் என்று காத்திருந்தேன். அந்த நாளும் வந்தது. காலையில் பழக்கூழோடு அலமாரியைப் பார்த்தால், பாட்டிலின் உள்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இரண்டு முட்டைகள். பட்டாணி அளவு, சுண்ணாம்பு வெள்ளை. பக்கத்தில் கைதி, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சீலைப் பார்த்தேன். அரக்கு அப்படியே இருந்தது. நாடா அப்படியே. முத்திரையின் ஓரம்கூடச் சிதையவில்லை.

சாதாரண ஆள் இங்கே குழம்பியிருப்பான். எனக்குக் குழப்பமே இல்லை. என் ஆணைத் திருடிக்கொண்டு, சூல் கொண்ட ஒரு பெண்ணை உள்ளே விட்டுவிட்டு, மறுபடி அதே போல் அரக்கு வைத்திருக்கிறார்கள். சீல் உடையவில்லை என்பதுதான் அத்தாட்சி. அவ்வளவு சுத்தமாக உடைத்தவன் எவ்வளவு பெரிய கை.

"உங்க அண்ணன் வேலை" என்றேன் மனைவியிடம்.

"அவரா முட்டை போட்டாரு?"

"போட வச்சாரு."

அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அதுக்கு முட்டை போடணும்னு தோணிச்சு, போட்டுச்சு. உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கியிருக்கணுமோ?"

நான் சட்டையை மாற்றிக்கொண்டேன். நல்ல சட்டை. பாட்டிலை மடியில் வைத்து ஆட்டோ பிடித்து நேராக அருங்காட்சியகத்துத் தலைமைக் காப்பாளர் அம்மாவின் அறைக்குப் போனேன். புகார் சொன்னேன். உங்கள் கட்டடத்தில் ஆண் பல்லிகள் காணாமல் போகின்றன, உங்கள் ஜன்னலோர மேசைக்காரர் என் வீட்டுக்குள்ளேயே கைவரிசை காட்டியிருக்கிறார், இதோ சாட்சி. அந்த அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார். கையில் இடுக்கியோடு வந்தவன் பாட்டிலைப் பார்த்தான், முட்டைகளைப் பார்த்தான், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அகப்பட்டவனின் உட்காரல். எனக்கு அடையாளம் தெரியும்.

"இது எப்பலேர்ந்து தனியா இருக்கு சார்?" என்றார் அந்த அம்மா.

"குட்டியா இருந்ததுலேர்ந்து."

"வேற பல்லி எதையும் உள்ள விடலையே?"

"சுங்க இலாகா சீல் மேடம். காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள போகும்."

"சீல் உடையலை?"

"மயிரிழைகூட."

அவர் பாட்டிலை மெதுவாகத் திருப்பி என் பக்கம் வைத்தார். "அப்ப நீங்களே நிரூபிச்சுட்டீங்க சார். ஆண் இல்லாமலே முட்டை போட்டிருக்கு. இந்தப் பல்லியில ஆண் கிடையாது. அபூர்வமா ஒண்ணு தப்பிப் பொறந்தாலும் பிரயோஜனமில்லை. அம்மா தானாவே முட்டை போடும், பொறக்கறது அத்தனையும் பொண்ணு, அம்மாவோட அச்சு. யாரும் எதையும் திருடலை."

"அப்ப புதுசு?" என்றேன். குரல் எப்படியோ தானாகவே மேலே போய்விட்டது.

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் இடுக்கியைப் பார்த்தான்.

"பழசு சார். எப்பவோ பேர் வச்சாச்சு. கடலோரமா வெயில் ஊர்ல எல்லாம் இருக்கு. கப்பல்ல, மரச்சாமான்ல, பூந்தொட்டியில ஒளிஞ்சு வரும். ஒண்ணே ஒண்ணு இறங்கினா போதும், துணை வேண்டாம், ஒரு தெருவையே நிரப்பிடும். இங்கயும் துறைமுகம் வழியாத்தான் வந்திருக்கணும்."

துறைமுகத்தில் என் கண்ணுக்குத் தப்பி ஊசி நுழைந்ததில்லை என்று இந்த மச்சானிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்துக்கொண்டேன். அவனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். முகம் அஞ்சலி செலுத்துவது போல இருந்தது, வயிறு மட்டும் குலுங்கியது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவில் பாட்டில் உட்கார்ந்திருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"மூணாவது பாட்டில்ல சந்தேகம். அஞ்சாவதுல உறுதி."

"தட்டுல மூடினியே, அது?"

"உன் பல்லிங்கதான். சீட்டுல பழைய பேரை எழுதிக் கட்டிட்டிருந்தேன். நீ பார்த்துடுவேன்னு மூடினேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? நீ ஊரையே கூட்டி வச்சிருந்தே. வெளிநாட்லேர்ந்து ஏழு பேர் வேற வராங்களாமே. நான் சும்மா டீ குடிக்கிறப்ப ஒரு வார்த்தை சொன்னேன் மாப்ளே, நீ அதைத் தலைமேல வச்சுக்கிட்டே. சரி, எண்ணிக்கிட்டிருக்கேன், எண்ணிக்கிட்டிருக்கேன்னு சொல்லி ஓட்டிடலாம்னு நானும் தங்கச்சியும் முடிவு பண்ணினோம்."

"எது வரைக்கும்?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டான். "நம்ம வயசுல எது வரைக்கும்னு என்ன கணக்கு? உனக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்திருக்கலாம். நீதான் சீல் வச்சு, ஆட்டோ வச்சு, புகார் கொடுத்துத் தெரிஞ்சுக்கிட்டே."

ஆட்டோ குலுங்கியது, பாட்டில் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ போடப் போனாள். பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கைதி கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டது. நான்கு பாதங்களின் அடிப்பக்கத்தையும் விரித்துக் காட்டியபடி, சோதனைக்கு நிற்கும் பயணி போல நின்றது.

"அந்த விரலுக்கு அடியில என்ன மடிப்பு மடிப்பா?" என்றேன்.

"அதை வச்சுத்தான் ஒட்டுது. அதையும் எண்ணுவோம். நாலாவது விரல்ல எத்தனைன்னு பார்ப்போம்."

"இதுக்கு எண்ணினியா?"

"இதை நீ எங்க கொடுத்தே? மத்ததுக்கெல்லாம் எண்ணினேன். எல்லாம் ஒண்ணுதான்."

"மத்தது வேற, இது வேற. இதை நான் வாசல் கேட்டுக் குழாய்லேர்ந்து பிடிச்சேன். கோடுகூடக் கொஞ்சம் மாறி இருக்கு பார்."

"ஒவ்வொரு அம்மா வழியிலயும் கோடு கொஞ்சம் மாறும் மாப்ளே. அதனால தனிச் சாதி ஆயிடாது."

"எண்ணேன். எண்ணினா என்ன குறைஞ்சா போயிடுவே?"

அவன் பெருமூச்சு விட்டான். லென்ஸை எடுத்தான். மேசை விளக்கை நான் பாட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தேன். உதடு அசைய அசைய எண்ணினான்.

"பன்னெண்டு. மத்தது மாதிரியேதான்."

லென்ஸைப் பிடுங்கி நான் எண்ணினேன். விரல் நுனியில் மங்கலாக ஒன்று இருந்தது. அதைச் சேர்த்தால் பதின்மூன்று. சேர்க்காமல் விட என்னால் முடியவில்லை.

"பதிமூணு" என்றேன்.

"நுனியில இருக்கறது கணக்குல வராது."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"சரி, வருதுன்னே வச்சுக்கோ. பதிமூணா இருந்தா?"

டீ வந்தது. ஒரு வாய் குடித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"பதிமூணா இருந்தா" என்றான், "கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்."

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறானா, என்னை மறுபடி ஓட்டுகிறானா? பெட்டி பெட்டியாகத் திறந்த கண் இது. கண்ணிமை துடிப்பதை வைத்தே கள்ளச் சரக்கின் எடையைச் சொன்ன கண். அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்திலும் இல்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு.

"விளக்கை இந்தப் பக்கம் திருப்பு" என்றேன். "இடது காலை எண்ணலாம்."